நெற்றிப் பொட்டோடு பேசிய பிள்ளை

என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "அந்த அக்காவா, சண்டைக்காரியாச்சே" என்றிருப்பார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. சங்கரன்கோவில் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியையாக இருந்த காலம் முழுக்க நான் தலைமையாசிரியர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், டாக்டர்களோடு போட்டிருக்கிறேன், கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் கண்டக்டரோடும் போட்டிருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்திய சிலர் முகத்தில், இனி இவள் நம் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டாள் என்ற நிம்மதி நன்றாகவே தெரிந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். படிவம் நிரப்புவது, உபகரணம் கேட்டு எழுதுவது, வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது பெண் பிள்ளைகளைப் பற்றி.

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆட்டிசம் இருக்கிற மாதிரி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பையன்களைத்தான் காட்டுவார்கள். வகுப்பை விட்டு ஓடுகிறவன், கையை உதறிக்கொண்டே இருப்பவன், ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பவன். பெண் பிள்ளைகளில் யாரும் இல்லையா என்றால், "பொம்பளப் பிள்ளைக எல்லாம் தங்கம், மேடம்" என்பார்கள். பேசாமல் இருக்கிறாள், சொன்னதைச் செய்கிறாள், பக்கத்தில் இருப்பவள் சிரித்தால் தானும் சிரிக்கிறாள், யாரோடும் வம்புக்குப் போவதில்லை. ஒரு பையன் அப்படி இருந்தால் இவனுக்கு என்ன என்று யோசிக்கிற ஊர், பெண் பிள்ளை என்றால் மெச்சிக்கொள்ளும். இந்த மெச்சுதல் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. நீங்கள் அந்தத் தங்கங்களுக்குள்தான் தேட வேண்டும்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். அவளுக்குக் கோமதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஊர் அம்மன் பெயர் அது என்பதால் சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு, யார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மற்றவர்கள் பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

கோமதி அப்போது ஒன்பதாம் வகுப்பு. கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில் ஒரு கிராமம். அப்பா ஆடு மேய்ப்பவர். அம்மா மாரிச்செல்வி விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தாள். பிள்ளை பஸ் ஏறி வந்து டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தது. நான் அன்று அந்தப் பள்ளிக்குப் போனது வேறு ஒருத்திக்காக. பார்வை குறைந்த பிள்ளை ஒன்றுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். தலைமையாசிரியை அறையை நெருங்கும்போதே உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அழுதுகொண்டிருந்தது கணக்கு டீச்சர்.

ஜரினா டீச்சர் கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அந்த வருஷம்தான் மாற்றலாகி அந்தப் பள்ளிக்கு வந்திருந்தார். தலையில் முக்காடு, கையில் கைக்குட்டை. அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்து மேசை மேல் கிடந்தது.

"பள்ளிக்கூடம் தெறந்ததுல இருந்து நானும் பாக்கேன் மேடம்," என்று தலைமையாசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தமிழ் டீச்சர் கேட்டா மூஞ்சியப் பாத்து அழகாப் பதில் சொல்லுதா. சயின்ஸ் டீச்சர் கேட்டாலும் சொல்லுதா. நான் கேட்டா மட்டும் தரையப் பாக்கா. வாயத் தெறக்க மாட்டேங்கா. வீட்ல சொல்லிக் குடுத்து அனுப்பிருக்காங்க. எங்க ஆளுக மூஞ்சில முழிக்கப்படாதுன்னு சொல்லிருக்காங்க."

நடந்தது இதுதான். அன்று காலை கோமதியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். இவர் அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "என்னப் பாரு" என்றிருக்கிறார். கோமதி அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிட்டதில் கண்ணாடி எகிறி விழுந்து உடைந்துவிட்டது. பிள்ளை வகுப்பை விட்டு ஓடி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. யார் கூப்பிட்டும் வரவில்லை.

"டீச்சர் மேல கை ஓங்குத பிள்ளைய நான் வச்சிக்கிட முடியாது," என்றார் தலைமையாசிரியை. "அவங்க அம்மாவுக்குப் போன் போட்டாச்சு. வந்ததும் டிசியக் குடுத்து அனுப்பிருதேன்."

டிசி என்பது அவருக்கு ஒரு தாள். அந்தக் கிராமத்தில் ஒன்பதாம் வகுப்பில் டிசி வாங்கிய பெண் பிள்ளையை இன்னொரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டார்கள். தறிக் கூடத்துக்கு அனுப்புவார்கள், கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதோடு போன் போன வழியில் செய்தியும் புரண்டுவிட்டது. டீச்சரைப் பிள்ளை தட்டிவிட்டது என்று இங்கிருந்து போன சேதி, பிள்ளையை முஸ்லிம் டீச்சர் அடித்துவிட்டார் என்று அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கோமதியின் பெரியப்பா ஆட்களோடு பைக்கில் கிளம்பிவிட்டார் என்று அட்டெண்டர் வந்து சொன்னார். இந்தப் பக்கம் ஒரு தப்பான எண்ணம், அந்தப் பக்கம் அதே எண்ணம் திருப்பிப் போட்டு. நடுவில் ஒரு பிள்ளை.

அங்கேயே நின்று தலைமையாசிரியையோடு மல்லுக்கட்டியிருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. எப்போது வாயை மூடிக்கொண்டு பிள்ளையிடம் போக வேண்டும் என்பதும் சண்டைக்காரிக்குத் தெரிய வேண்டும். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன்.

சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் எதிரில் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கமே பார்த்து, அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பெயர் கேட்கவில்லை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, தொடவில்லை. பதற்றத்தில் இருக்கிற பிள்ளையிடம் கேள்வி கேட்பது, மூச்சுத் திணறுகிறவனைப் பாடச் சொல்வது மாதிரி. சும்மா இருப்பதுதான் நம் வேலையிலேயே கஷ்டமான வேலை. அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பீரியட் மணி அடித்தது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ரொம்ப நேரம் கழித்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இந்த மணி சொல்லாம அடிச்சிருது."

"சத்தம் சாஸ்தியோ?"

"எங்கம்மா தறில இதவிட சாஸ்தி. ஆனா அது ஒரே மாதிரி அடிக்கும். நான் அங்கன தூங்கிருவேன்."

எனக்கு உள்ளுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. மெதுவாக அவள் பக்கம் திரும்பினேன். நான் திரும்பியதும் அவளும் சட்டென்று துப்பட்டாவை விட்டுவிட்டு, நிமிர்ந்து, உதட்டில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அத்தனை நேரம் நான் பார்த்த பிள்ளையின் சிரிப்பே இல்லை. பார்வையும் சரியாக வந்து விழவில்லை. என் இடது புருவத்துக்கு மேலே எங்கோ நின்றது. ஏதாவது பூச்சி உட்கார்ந்திருக்கிறதோ என்று கையை வைத்தேன். பஸ்ஸில் முந்தானையால் வியர்வையைத் துடைத்ததில் என் ஸ்டிக்கர் பொட்டு நகர்ந்து அங்கே போய் ஒட்டியிருந்தது.

அதை எடுத்து நடு நெற்றியில் ஒட்டினேன். அவள் பார்வை நடு நெற்றிக்கு வந்தது. பொட்டைப் பிய்த்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அவள் பார்வை தரைக்குப் போய்விட்டது.

"கோமதி, பேசும்போது எங்கன பாக்க?"

"பொட்டுல. அம்மா சொல்லிருக்கு. பொட்டப் பாத்தா கண்ணப் பாக்க மாதிரியே தெரியும். யாரும் ஏச மாட்டாங்க."

"ஆம்பளைகன்னா?"

"திருநீறு. அது இல்லன்னா மீசை."

"ஜரினா டீச்சர்ட்ட?"

"அவங்க பொட்டு வைக்க மாட்டாங்க. மீசையும் இல்ல. பொட்டு இல்லன்னா எங்கன பாக்கணும்னு அம்மா சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளை ஊர் முழுக்க நெற்றி நெற்றியாக ஏறி இறங்கி, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருக்கிறது. எப்போது சிரிக்க வேண்டும் என்பதை முன் பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சிரித்திருக்கிறது. ஒரு டீச்சருக்கும் தெரியவில்லை. ஒரு நெற்றி காலியாக இருந்ததால்தான் அன்றைக்காவது வெளியே வந்தது.

அதற்குள் வாசலில் பைக் சத்தம். பெரியப்பா இரண்டு ஆட்களோடு தலைமையாசிரியை அறைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே மாரிச்செல்வி, தலைமுடியெல்லாம் தறிப் பஞ்சோடு, ஓட்டமும் நடையுமாக வந்தாள். நான் குறுக்கே போய் அறை வாசலில் நின்றுகொண்டேன்.

"எங்க பிள்ள மேல கை வச்சது யாரு?" என்றார் பெரியப்பா.

"உங்க பிள்ள கை பட்டுத்தான் டீச்சர் கண்ணாடி உடைஞ்சி கெடக்கு அண்ணாச்சி. பெத்தவ உள்ள வரட்டும். நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

"நீங்க யாரும்மா இதக் கேக்க?"

"நான் கோமதிக்கு டீச்சர்," என்றேன். அவள் பெயர் அன்றுவரை என் பதிவேட்டில் இல்லை. ஆனாலும் குரலில் பிசிறு இல்லாமல் சொன்னேன். அவர் முறைத்துப் பார்த்துவிட்டு, வேப்ப மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். ஆம்பிளை ஆட்கள் நாலு பேர் சத்தம் போடுகிற இடத்தில் ஒரு பெண் பிள்ளையின் விஷயம் ஒருநாளும் பேசி முடியாது. முதலில் கூட்டத்தைக் கலையுங்கள். உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

உள்ளே மாரிச்செல்வியிடம் நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வீட்ல யாரையாவது இவ பாக்காம, பேசாம இருக்காளா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் தயங்கினாள். "எங்க நாத்தனா ஒருத்தி. முந்தியெல்லாம் அத்த அத்தன்னு அவகூடவே கெடப்பா. அவ வீட்டுக்காரர் எறந்ததுல இருந்து ஏறெடுத்துப் பாக்கதில்ல. தாலியறுத்தவ மூஞ்சில முழிக்கப்படாதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்னு, அவ எங்கூடப் பேச்சையே விட்டுட்டா. நான் அப்பிடிச் சொல்லுவேனா, டீச்சர்."

ஜரினா டீச்சர் தலை நிமிர்ந்தார். நான் பொட்டு விஷயத்தைச் சொன்னேன். நாத்தனார் நெற்றியில் பொட்டு போன அன்றிலிருந்து பிள்ளைக்கு அந்த முகத்தில் பார்க்க இடமில்லாமல் போயிற்று என்பதையும் சொன்னேன். கோமதியை அங்கே கூப்பிட்டு நிறுத்தி, பொட்டை வைத்தும் எடுத்தும் வித்தை காட்டியிருந்தால் எல்லாரும் உடனே நம்பியிருப்பார்கள். செய்யவில்லை. நீங்களும் எந்தப் பிள்ளையையும் அப்படிச் சபையில் நிறுத்தாதீர்கள்.

"அப்பம் அவ என்ன வெறுக்கலியா," என்றார் ஜரினா டீச்சர்.

"இல்ல டீச்சர். உங்களப் பாக்கணும்னுதான் அவளுக்கும் ஆசை. எப்பிடின்னு தெரியல."

அவர் கைக்குட்டையை மடியில் வைத்தார். "நான் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் மொதல்ல எம் முக்காட்டப் பாத்துட்டுத்தான் பேரக் கேப்பாங்க. அதாம் எனக்கு அப்பிடித் தோணிட்டு, மேடம்." அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் பட்டது பொய்யும் இல்லை. இந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் அது பொருந்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த இடத்தில்தான் பெரிய சண்டையே வந்தது. தலைமையாசிரியை முகம் மலர்ந்து, "அப்பம் ஒண்ணு செய்யலாமே. ஜரினா டீச்சர் கணக்குப் பீரியட்ல மட்டும் சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டா போச்சு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஜரினா டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. மாரிச்செல்வி பதறிப்போய், "வேண்டாம் மேடம், வேண்டாம். டீச்சர் மூக்கப் பாக்கச் சொல்லி நான் பழக்கிவிட்டுருதேன். ஒரு வாரத்துல பழகிருவா" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். "யாரும் பொட்டு வைக்க வேண்டாம். யாரும் மூக்கப் பாக்கவும் வேண்டாம். இந்தப் பிள்ளை யாரையுமே பாக்க வேண்டாம். கணக்கு காதுல விழுந்தாப் போதும், நோட்டுல போட்டாப் போதும். சன்னலப் பாத்துக்கிட்டுப் போடட்டும்."

புதியவர்களே, இதை மட்டும் என் பேச்சில் அழுத்தமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பயிற்சியில் கண்ணைப் பார்க்கப் பழக்குவதை ஒரு சாதனையாகச் சொல்லிக் கொடுக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை பார்க்கிறது என்று டிக் அடித்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்தப் பார்வைக்குப் பிள்ளை என்ன விலை கொடுக்கிறது என்று மாரிச்செல்வி அன்று சொன்னாள். கோமதி சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாளாம். தொட்டால் கத்துவாளாம், தலையைத் தரையில் முட்டுவாளாம். பகலெல்லாம் தங்கமாக இருந்த பிள்ளைக்குப் பொழுது சாய்ந்தால் ஏதோ பிடித்துக்கொள்கிறது என்று அம்மன் சன்னதியில் உட்கார வைத்திருக்கிறார்கள், புற்றுமண் பூசியிருக்கிறார்கள். சாமியைக் கும்பிடுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது நாள் முழுக்க மற்றவர்களுக்காக நடித்த களைப்பு. அந்த நடிப்பை இன்னும் நன்றாக நடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு நாம் எதற்கு?

தலைமையாசிரியை விடவில்லை. "நீங்க ஆட்டிசம்னு சொல்ல வாரீங்க. இவ ரேங்க் வாங்குத பிள்ளை. பொம்பளப் பிள்ளைக்கு இந்தப் பேர ஒட்டிவிட்டா நாளைக்கு எவன் கெட்டுவான்?"

"நீங்க இப்பம் டிசில ஒட்டப்போற பேரு என்ன, மேடம்? டீச்சரத் தட்டிவிட்டவ. அந்தப் பேர எவன் கெட்டுவான்?"

ஜரினா டீச்சர்தான் பேசினார். "டிசி வேண்டாம் மேடம். அவ எங்கிளாஸ்லயே இருக்கட்டும்." எழுந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்கு என் பின்னால் வந்தார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே கோமதிக்குப் பக்கவாட்டில் எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

"நாடியப் பிடிச்சது எந் தப்புதான், கோமதி. இனிமே தொட மாட்டேன்."

"கண்ணாடி விழும்னு எனக்குத் தெரியாது," என்றாள் கோமதி.

அதன்பிறகு கணக்குப் பீரியடில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஜரினா டீச்சர் முதலில் பெயரைச் சொல்லி, பிறகு கேள்வியைச் சொல்லி, பதில் வரும்வரை பொறுத்திருப்பார். மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் அவளிடம் சொல்லிவிடுவார்கள். மதியம் லைப்ரரி அறையில் கொஞ்ச நேரம் தனியாக இருக்க விட்டார்கள். அதற்கு நான் தலைமையாசிரியையோடு போட்ட சண்டை தனிக்கதை. கட்டிலுக்கு அடியில் போவது ஒரேயடியாக நின்றுவிடவில்லை, குறைந்தது. அதுவே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பத்தாம் வகுப்பு வந்தது. அரசுத் தேர்வு வேறு பள்ளியில், முன்பின் தெரியாத மேற்பார்வையாளர், நெருக்கி உட்கார்ந்த ஹால், சொல்லாமல் நுழைகிற பறக்கும் படை. அதில் கோமதியை உட்கார வைத்தால் பாதியில் எழுந்து ஓடிவிடுவாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தனி அறையும் கூடுதல் நேரமும் வேண்டுமென்றால் டாக்டர் சான்று வேண்டும். சான்று இல்லை என்றால் ஒரு வருஷமாக நாங்கள் காப்பாற்றி வைத்தது அந்த ஹாலில் உடைந்துபோகும். தென்காசியில் சான்று கொடுக்கிற மருத்துவ முகாம் போட்டார்கள். நானும் மாரிச்செல்வியும் கோமதியைக் கூட்டிக்கொண்டு போனோம்.

பஸ்ஸில் போகும்போதே கோமதியிடம் சொல்லியிருந்தேன், டாக்டரிடம் உனக்குச் சௌகரியமான மாதிரி இரு, பார்க்க வேண்டாம், சிரிக்க வேண்டாம் என்று. சரி என்றுதான் சொன்னாள். ஆனால் புது இடம், புது ஆள் என்றதும் பழக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் இளம் பெண். காலையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் களைத்திருந்தார். நெற்றியில் பளிச்சென்று ஒரு பொட்டு. கோமதி அதில் பார்வையை நிறுத்தி, சிரித்து, கேட்டதற்கெல்லாம் மணி மணியாகப் பதில் சொன்னாள்.

"நல்லா கண்ணப் பாத்துப் பேசுறா. படிப்பு நல்லா வருது. கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்ளோதான்," என்றார் டாக்டர். "பொண்ணுங்க இப்படித்தானேம்மா இருப்பாங்க. எதுக்கு வீணா பயப்படுறீங்க." பேனாவை மூடிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். என்னென்ன பேச வேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன். பொட்டிலிருந்து ஆரம்பித்து ஒரு பிடி பிடித்திருப்பேன். அதற்குள் மாரிச்செல்வி பேசினாள். அவள் குரல் தணிந்துதான் இருந்தது.

"மேடம், அவ உங்க கண்ணப் பாக்கல. உங்க பொட்டப் பாக்கா. நான் பழக்கினது."

"எதுக்குப் பழக்குனீங்க?"

மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளில் அவள் யாரிடமும் குனிந்து பேசி நான் பார்த்ததில்லை. எப்போதும் நிமிர்ந்து, நேராக, என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள். அதாவது, என் முகத்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நானும் அப்பிடித்தான் பேசுதேன், மேடம். சின்னதுல இருந்தே. மனுசங்க கண்ணப் பாத்தா எனக்கு அவங்க சொல்லுதது காதுல ஏறாது, நெஞ்சு அடைச்சிரும். அதுக்கு எங்கய்யாட்ட அடி வாங்கிருக்கேன். மாமியார்ட்ட பேச்சு வாங்கிருக்கேன். பொட்டப் பாத்தா யாருக்கும் தெரியலன்னு நானா கண்டுபிடிச்சேன். எம் பிள்ளையும் அடி வாங்கக் கூடாதுன்னு அவளுக்கும் சொல்லிக் குடுத்தேன். இப்பம் அதே அவளுக்கு எதிரா வந்து நிக்கி. இப்பம் நான் தரையப் பாத்துத்தான் பேசுதேன். இதுதான் நான். இத எழுதிக்கிடுங்க."

நான் சண்டைக்குத் தயாராக நின்றவள் நின்றபடியே இருந்தேன். எனக்கு அழுகையாக வந்தது, பெருமையாகவும் இருந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட எந்தச் சண்டையும் இதற்குக் கிட்டே வராது.

டாக்டர் வாசலில் நின்ற அடுத்த ஆளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். தன் நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சரி கோமதி. நீ எங்க வேணாலும் பாரு. நானும் வெளியதான் பாக்குறேன். முதல்ல இருந்து பேசலாம்," என்றார். கோமதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. உதட்டிலிருந்த சிரிப்பு போய்விட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, மணியைப் பற்றிச் சொன்னாள், பஸ்ஸில் யாராவது உரசினால் உடம்பு எரிவதைச் சொன்னாள், முன் பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதைச் சொன்னாள், கட்டிலைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரிந்துகொள்ள நாற்காலியைத் திருப்பிப் போடுகிறவர்கள் நம் துறையில் ரொம்பக் குறைவு.

கடைசியில் மாரிச்செல்வியிடம், "உங்களுக்கும் ஒரு தடவை பாத்துரலாமாம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்கு மேடம். எனக்கு என்ன, பரீட்சையா இருக்கு."

கோமதி தரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "தறில சூப்பர்வைசர் பேசும்போது பாக்கணும்லா. கலியாண வீட்டுக்குப் போனா பாக்கணும்லா. ஆச்சி வீட்டுக்குப் போனா பாக்கணும்லா. அம்மாவுக்குத் தெனமும் இருக்கு."

மாரிச்செல்வி பிள்ளையின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கோமதிக்குச் சான்று கிடைத்தது. தனி அறையில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். ஜரினா டீச்சர் கணக்குப் பரீட்சை அன்று லீவு போட்டுவிட்டு அந்தப் பள்ளி வாசலில் காத்திருந்தார். கோமதி இப்போது பதினொன்றாம் வகுப்பு, கணக்குப் பிரிவு.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முகாம் நடந்தது. என் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பெயர் பதிகிற மேசை முன்னால் வரிசை நீளமாக இருந்தது. நடுவில் மாரிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். தனியாக வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை, போய்ப் பேசவும் இல்லை. அவள் முறை வந்தபோது, பதிவு செய்கிறவர் தலையைத் தூக்காமலே, "பிள்ளைய எங்கம்மா? பிள்ளைய முன்னால நிப்பாட்டுங்க" என்றார்.

"பிள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு," என்றாள் மாரிச்செல்வி, மேசையைப் பார்த்துக்கொண்டு. "நான் எனக்கு வந்திருக்கேன்."